சிறு விளக்கும் பெரு மின்சாரமும்

விளக்கேற்றுதல் தமிழர் வாழ்வோடு ஒன்றிவிட்ட வழக்கம். அகலில் எண்ணெய் வார்த்துத் திரியிட்ட கைகள் இன்று சுவிட்சையும் தட்டுகின்றன. ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், இருப்புப்பாதையை ஒட்டிச் செம்பனையும் ரப்பரும் சூழ அமைந்த சிற்றூர் லாயாங் லாயாங். தீபாவளி நெருங்கிவிட்டால் அவ்வூர்த் தமிழர் இல்லங்களிலும் வாயில் நிலையிலும் சன்னல் கம்பியிலும் வண்ண விளக்குச் சரங்கள் ஏறிவிடும். மலாய் மக்கள் 'லிப் லாப்' என்று அழைக்கும் இச்சரங்கள் நோன்புப் பெருநாளின்போது அவர்தம் வீடுகளிலும் மின்னும். ஒளியில் வேற்றுமை இல்லை.

ஆயினும், அகலுக்கும் இச்சரத்திற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. அகல் சுட்டால் விரல் தானே விலகிக்கொள்ளும். மின்சாரம் பற்றினாலோ தசை இறுகிக் கை விலக மறுக்கும். தீபாவளி வரும் காலமோ மழைக்காலம். நனைந்த வாயிலில் வெறுங்காலுடன் ஓடித் திரிபவர்கள் குழந்தைகள். ஆகவே, இஃது அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று. உயிரைப் பற்றிய செய்தியுமாகும்.

முன்னாளில் விற்பனையான சரங்களில் இழைக்குமிழ்களே இருந்தன. 12 வோல்ட்டுக்குரிய குமிழ்கள் இருபதைத் தொடராக இணைத்தால் அவை 240 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று பழுதானால் சரமே இருண்டுவிடும். இன்று அவ்விடத்தை எல்இடி விளக்குகள் பிடித்துவிட்டன. 1962ஆம் ஆண்டில் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளி தரும் எல்இடியை உருவாக்கினார். பேரொளி தரும் நீல எல்இடி 1990களில்தான் கைகூடியது. அப்பணிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். நீல ஒளியோடு மஞ்சள் ஒளிதரும் பூச்சு சேர்ந்தபோது வெள்ளொளி பிறந்தது.

சிறிய எல்இடி ஒன்றின் தேவை மிகக் குறைவு. வெள்ளை ஒளிக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டும் 20 மில்லி ஆம்பியரும் போதும். வீட்டிற்கு வரும் மின்சாரமோ 230 வோல்ட். மலேசியாவில் 2008 முதல் இதுவே பெயரளவு மின்னழுத்தம். அதன் உச்சம் 325 வோல்ட்டைத் தொடும். நொடிக்கு 50 முறை சுழலும் மாறுதிசை மின்னோட்டம் அது. எல்இடியோ ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை ஏற்கும். அழுத்தம் சிறிது கூடினாலும் அதன் வழியே பாயும் மின்னோட்டம் பன்மடங்காகிவிடும். எனவே, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஓர் ஏற்பாடு இன்றியமையாதது.

இங்கேதான் பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகின்றனர். "விளக்கு ஒன்றுக்கு 3 வோல்ட்தானே? தொட்டால் என்ன?" என்பது அவர்தம் வினா. மாடிப்படி ஒன்றின் உயரம் அரையடிதான்; எனினும் மேற்படியிலிருந்து தரையில் வீழ்பவன் அரையடி மட்டுமா வீழ்கிறான்? சில மலிவான சரங்களில் மின்தடையோ மின்தேக்கியோ மட்டுமே வைத்து, வீட்டு மின்சாரத்தை நேரே இணைத்துவிடுகின்றனர். அத்தகைய சரத்தில் விளக்கின் இருமுனைகளுக்கிடையே 3 வோல்ட்தான் இருக்கும். ஆனால், அம்முனைக்கும் தரைக்குமிடையே வீட்டு மின்னழுத்தம் முழுவதுமே இருக்கக்கூடும். உறை கிழிந்த கம்பியைத் தொடுபவன் நிற்பது அந்தத் தரையின்மேல்தான்.

"செருகியில் பியூஸ் இருக்கிறதே" எனலாம். 13 ஆம்பியர் பியூஸ் கம்பியைக் காக்க வந்தது. மனிதரைக் காக்க வந்ததன்று. உடல்வழி 30 மில்லி ஆம்பியர் சிறிது நேரம் பாய்ந்தாலே இதயம் நிலைகுலையக்கூடும். 13 ஆம்பியர் அதனினும் நானூறு மடங்குக்கு மேற்பட்டது. கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி கருவி பேருதவி புரியும் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒருவர் இரு கம்பிகளையும் இரு கைகளால் பற்றினால் தரைக்குக் கசிவு இராது, கருவியும் வாளாவிருக்கும்.

அங்ஙனமாயின் பாதுகாப்பான வழி யாது? உள்ளும் புறமும் மின்தொடர்பின்றிப் பிரிக்கப்பட்ட மின்மாற்றியுடைய 12 வோல்ட் நேர்மின் அடாப்டரே அவ்வழி. வீட்டு மின்சாரம் அடாப்டரோடு நின்றுவிடும். சரத்தில் ஓடுவது 12 வோல்ட் மட்டுமே. மாணவர்கள் கணக்கையும் தாமே போட்டுப் பார்க்கலாம். மூன்று எல்இடிகளைத் தொடராக இணைத்தால் 9 வோல்ட் செலவாகும். எஞ்சிய 3 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 150 ஓம். அதுவே அத்தொடருக்கு வேண்டிய மின்தடை. இத்தகைய இருபது தொடர்களை இணையாக்கினால் அறுபது விளக்குகள்; மின்னோட்டம் 0.4 ஆம்பியர், மின்திறன் 4.8 வாட். ஓர் ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போதும்.

அடாப்டரை வாங்கும்போது சிரிம் ஒப்புதல் முத்திரையைக் காண்பதும், அதனை மழை படாத உள்ளிடத்தில் வைப்பதும் கடமை. வெளியில் தொங்கும் சரம் வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டிருத்தல் வேண்டும். அறுந்த கம்பியை முறுக்கி நாடா ஒட்டுதல் சிக்கனமன்று; ஆபத்து. சுவர்க்குள் ஓடும் மின்கம்பியில் கைவைக்கத் தகுதி பெற்ற மின்பணியாளரே உரியவர்.

ஓம் விதியைத் தேர்வுக்கென மனனம் செய்யும் மாணவன் அதனை விடைத்தாளில் எழுதி முடித்ததும் மறந்துவிடுவான். அதே விதி தன் வீட்டு வாயிலில் தங்கையைக் காக்கிறது என்று உணர்ந்தவன் ஒருநாளும் மறவான். அவ்வுணர்வை ஊட்டும் தமிழும் ஆசிரியரும் அமைந்துவிட்டால், லாயாங் லாயாங்கில் அடுத்த தீபாவளிச் சரத்தைக் கட்டும் சிறுவன், முதலில் செருகியைப் பிடுங்கிவிட்டே கம்பியைத் தொடுவான்.