ஆய்வேட்டின் அறம்

நூலைக் கற்றல் வேறு. நூலை ஆராய்தல் வேறு. கற்பவன் நூல் கூறுவதைக் கேட்டு மகிழ்கின்றான். ஆராய்பவனோ நூலை வினவுகின்றான்; விடை கிடைக்கும்வரை அகலாது நிற்கின்றான். தேர்வுகளில் முதல் வகுப்பில் தேறிய மாணவரும் முதுகலைப் பட்டத்திற்கென ஆய்வேடு எழுதப் புகும்போது திகைப்பதற்கு இவ்வேறுபாட்டை உணராமையே காரணமாகும்.

அவ்வாறு திகைத்த மாணவன் ஒருவன் இருந்தான். அவன் சிற்றூரினன், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன். தந்தையார் ஏரிப் பாசனத்தை நம்பி உழுது வாழ்பவராதலின், புறநானூற்றில் நீர்நிலைகள் பற்றிய செய்திகளை ஆராய அவன் விரும்பினான். நூல் நிலையத்தில் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தான். நல்லன என்று தோன்றியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். கணிப்பொறியில் கண்டவற்றையும் அவற்றோடு சேர்த்தான். மூன்று திங்களில் அறுபது பக்கங்கள் நிரம்பின. அவற்றைப் பெருமிதத்தோடு நெறியாளரிடம் கொண்டு சென்றான். ஆய்வேட்டினை ஒப்படைக்க அப்பொழுது இரண்டு திங்களே எஞ்சியிருந்தன.

நெறியாளர் அமைதியாகப் படித்து வந்தார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. சங்க கால வேந்தர் அனைவரும் நாடெங்கும் ஏரிகளை அமைத்தனர் என்று மாணவன் எழுதி, அதற்குப் புறநானூற்றின் 18ஆம் பாடலைச் சான்றாகக் காட்டியிருந்தான்.

“தம்பி, இப்பாடலைப் பாடியவர் யார்? யாரை நோக்கிப் பாடினார்?” என்று வினவினார் நெறியாளர்.

“குடபுலவியனார், ஐயா. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பாடினார்.”

“நீர்நிலைகளைப் பெருக்குமாறு புலவர் அரசனுக்கு அறிவுரை கூறுகின்றார். அரசன் அவ்வாறே செய்தான் என்று பாடல் கூறுகின்றதா?”

“இல்லை, ஐயா.”

“ஓர் அரசனுக்குக் கூறிய அறிவுரை, எல்லா அரசரும் செய்த செயலுக்குச் சான்றாகுமா? அஃது இருக்கட்டும். இவ்வாக்கியம் உன்னுடையதா, பிறருடையதா?”

மாணவன் குறிப்பேட்டைப் புரட்டினான். அவ்வாக்கியம் அங்கே இருந்தது. ஆனால் நூற்பெயரோ பக்க எண்ணோ இல்லை. எவை தன் சொற்கள், எவை பிறர் சொற்கள் என்று அறுபது பக்கங்களிலும் அவனால் பிரித்தறியக் கூடவில்லை. அவன் தலை கவிழ்ந்தது.

நெறியாளர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் வரலாற்றை எடுத்துரைத்தார். 1880இல் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த ஐயரிடம், சேலம் இராமசுவாமி முதலியார் அவர் கற்ற நூல்கள் எவை என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனத் தாம் கற்றவற்றையெல்லாம் ஐயர் அடுக்கினார். சீவகசிந்தாமணி முதலிய பழங்காப்பியங்களைக் கற்றதுண்டா என்று முதலியார் வினவ, இல்லை என்றே விடை கூற நேர்ந்தது. அறியாமையை ஒளியாது ஒப்புக்கொண்ட அந்த நாளே அவருடைய ஆராய்ச்சிக்குத் தொடக்கமாயிற்று. சிந்தாமணியில் சமண சமயச் செய்திகள் விளங்காத இடங்களில் அவர் ஊகித்து எழுதிவிடவில்லை. குடந்தையில் வாழ்ந்த சமணர்களை அணுகிக் கேட்டுத் தெளிந்தார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் நூற்பெயர் சுட்டாது காட்டிய மேற்கோள்கள் எந்நூல்களைச் சார்ந்தவை என்று ஏடு ஏடாகத் தேடினார். சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

“மேற்கோள் நூல்களை நெஞ்சிலே வைத்திருந்த அக்காலப் புலவர்க்குப் பெயர் கூற வேண்டுவதில்லை. அந்நூல்கள் மறைந்தபின் வந்தவரோ எவ்வளவு தேட வேண்டியிருந்தது! உனக்குப் பின் வருவோரை நீயும் அவ்வாறு தேடவைக்கலாமா?” என்றார் நெறியாளர்.

விடுதிக்கு மீண்டதும் நண்பன் ஒருவன், “அறுபது பக்கங்களையும் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? சொற்களைச் சிறிது மாற்றிக் கொடுத்துவிடு” என்றான். காலமோ குறைவு. மாணவன் இரவெல்லாம் உறங்கவில்லை. ஏரி நீரை முறைவைத்துப் பாய்ச்சும் தன் ஊர் அவன் நினைவிற்கு வந்தது. தம் பயிர் வாடினாலும், பிறர் முறைக்குரிய நீரை இரவில் தம் வயலுக்குத் திருப்பாதவர் அவன் தந்தையார். நீருக்கு உள்ள முறை சொல்லுக்கு இல்லையா? பொழுது விடிந்ததும் அறுபது பக்கங்களையும் கட்டி ஒருபுறம் வைத்தான்.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். புறநானூற்றுப் பாடல்களை மூலமும் உரையுமாகத் தானே படித்தான். பிறர் ஆராய்ச்சிகளைப் பின்னரே நாடினான். ஒவ்வொரு நூலிலும் முன்னுரையையும் பொருளடக்கத்தையும் முதலிற் கண்டு, தன் வினாவிற்குத் தொடர்புடைய பகுதிகளை ஊன்றிப் படித்தான். ஒரு செய்திக்கு ஒரு சீட்டு என வகுத்து, அதன் தலைப்பில் ஆசிரியர், நூல், பதிப்பாண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறித்தான். பிறர் சொற்களை மேற்கோட் குறிக்குள் அடைத்தான். தன் கருத்தைச் சீட்டின் பின்புறத்தில் எழுதினான்.

எழுதும்போதும் ஒரு பத்திக்கு ஒரு கருத்து என்று வரையறுத்துக்கொண்டான். சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே கூறினான். ‘அனைவரும்’, ‘எங்கும்’, ‘எப்பொழுதும்’ என்னும் சொற்கள் வந்தவிடத்து எழுதுகோலை நிறுத்தி மீண்டும் எண்ணினான். தன் கொள்கைக்கு மாறான சான்றுகளையும் மறையாது வைத்து ஆராய்ந்தான். எழுதியதை வாய்விட்டுப் படித்து, தடைப்பட்ட வாக்கியங்களைத் திருத்தினான்.

இறுதியில் அமைந்தவை நாற்பது பக்கங்களே. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர், “குடபுலவியனார் கூறியவாறு பாண்டியன் நீர்நிலைகளை அமைத்தானா?” என்று வினவினார். “புலவர் வேண்டியதை இப்பாடல் கூறுகின்றது, ஐயா. அரசன் செய்ததை இப்பாடலால் அறியக் கூடவில்லை” என்றான் மாணவன். தேர்வாளர் முகம் மலர்ந்தது. அயலிலிருந்த நெறியாளர் புன்னகை பூத்தார்.

இன்று விரலசைவில் ஆயிரம் பக்கங்களைப் படியெடுத்தல் எளிது. ஆயின் படியெடுத்தல் படித்தலாகாது. தான் அறிந்தது இது, பிறர்பால் பெற்றது இது, இன்னும் அறியாதது இது என்று வரையறுத்துக் கூறும் நேர்மையே ஆய்வேட்டிற்கு உயிராகும். பட்டம் பெற்றபின்னும் ஒருவனோடு நிலைத்து நிற்கும் கல்வியும் அதுவேயாம்.