வாய்விட்டுக் கத்த ஓர் இடம்

பெருந்துறை வட்டாரத்து மில்களிலும் கம்பெனிகளிலும் வருஷத்துக்கு ஒரு டூர் கூட்டிக்கொண்டு போவது பழைய வழக்கம். முன்பெல்லாம் பழனி, கொடைக்கானல் என்றோ திருச்செந்தூர், கன்னியாகுமரி என்றோ போய், சாமியும் கும்பிட்டு ஊரும் பார்த்துவிட்டு வருவார்கள். இப்போது வேலைக்கு வருகிற பெண்பிள்ளைகளிடம் எங்கே போகலாம் என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடுகிறது: வொண்டர்லா. நூல்மில் ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள் என்பதால் பெயர்ப்பட்டியல் எழுதுவதும் பணம் பிரிப்பதும் என் பொறுப்பில் வரும். அப்படி ஒருமுறை பெங்களூர் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவில் அவர்களோடு ரோலர் கோஸ்டர் ஏறி இறங்கியபிறகு, அந்த இரும்புத் தண்டவாளத்தின்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒன்றை அது கொடுக்கிறது.

இராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் பஸ் கிளம்பியது. பவானி, சங்ககிரி, சேலம் தாண்டி, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போய்ச் சேரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. ஒரு மண்டபத்தில் குளித்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, நைஸ் ரோட்டில் சுற்றி மைசூர் சாலையைப் பிடித்தால் பூங்கா இருக்கும் பிடதி வந்துவிடும். 2005இல் திறந்த பூங்கா அது, 82 ஏக்கர். கட்டியவர் கொச்சவுசேப் சிற்றிலப்பிள்ளி. மின்சாரம் ஏறி இறங்குகிற எங்கள் பக்கத்து வீடுகளின் சுவர்களில் பல வருஷமாகத் தொங்கும் வீ-கார்டு ஸ்டெபிலைசர் அவருடைய கம்பெனியின் சரக்குதான். 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் முதல் பூங்காவை அவர் தொடங்கினார். அதுவே பின்னால் கொச்சி வொண்டர்லா ஆனது.

பெங்களூர்ப் பூங்காவில் எல்லாரும் தேடிப் போவது ரீகாயில் என்ற ரோலர் கோஸ்டரை. வரிசையில் கன்னடம், தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாம் கலந்து கேட்டது. எங்களோடு, நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை செய்யும் அக்கா ஒருவர் வந்திருந்தார். பேத்தி எடுத்தவர். டூருக்கென்று மருமகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். தண்டவாளத்தை அண்ணாந்து பார்த்ததும், “எனக்கு வேண்டாஞ் சாமி. நீங்க போயிட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கறேன்” என்று ஒதுங்கினார். பைகளை வைக்க லாக்கர் இருந்ததால் அந்தச் சாக்கு எடுபடவில்லை. நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், முதுகெலும்புத் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகு, பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். “வாங்கக்கா, நாங்க இருக்கறமில்லீங்க.”

அந்த வண்டி கிளம்புவதே பின்னோக்கித்தான். தோளுக்கு மேலிருந்து இறங்கும் தடுப்பு நெஞ்சில் வந்து பொருந்தியதும், ஒரு பையன் ஒவ்வொரு இருக்கையாக வந்து அதை இழுத்து அசைத்துப் பார்த்தான். பிறகு வண்டியை இயந்திரம் பின்பக்கமாக மேலே இழுக்கத் தொடங்கியது. முகம் தரையைப் பார்த்தபடி இருக்க, நாங்கள் ஏறிக்கொண்டே போனோம். சற்றுமுன் நின்றிருந்த வரிசையும், கையசைத்தவர்களும், மரங்களும் சிறுத்துக்கொண்டே போயின. பத்து மாடி உயரத்துக்கும் மேல். உச்சியில் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா என் விரல்களைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. வருஷக்கணக்கில் அறுந்த நூலைப் பிணைத்த கை அது. இழுத்த பிடி விட்டதும் வண்டி விழுந்தது. புறப்பட்ட மேடையைத் தாண்டிப் பாய்ந்து, தலைகீழாகப் புரண்டு, மறுபடி புரண்டு, வளையத்தைச் சுற்றி எதிர்ப்பக்கத்து மேட்டில் போய் ஏறியது. இந்தமுறை முகத்துக்கு நேரே வெறும் வானம். அங்கிருந்து அத்தனை வளைவையும் பின்னோக்கியே திரும்ப வந்தோம்.

அந்த நேரம் முழுவதும் எங்கள் வண்டியில் எழுந்தது ஒரே சத்தம். அதில் எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. அக்காவின் குரலை மட்டும் நான் கேட்டேன். அடிவயிற்றிலிருந்து வந்தது. பேச்சில்லை, பேரில்லை, நீண்ட ஒரே குரல். இறங்கி நின்றபோது அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, முகம் நிறையச் சிரிப்பு. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “இத்தன வருசமா எனக்கு இப்புடி ஒரு தொண்டை இருக்கறது எனக்கே தெரியாதுங் கண்ணு.” சாயங்காலத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் அதே வரிசையில் நின்றார். ராட்டினம், அலைக்குளம், தண்ணீர்ச் சறுக்கு எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

அந்தக் குரலை உடம்பிலிருந்து வரவழைக்கிற வேலையை இந்த இயந்திரம் எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டபோது மரியாதை இன்னும் கூடியது. ரோலர் கோஸ்டர் வண்டிக்குள் எஞ்சின் கிடையாது. சங்கிலி மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிற உயரம்தான் அதற்கு எரிபொருள். அந்த உயரம் வேகமாக மாறுகிறது, வேகம் மறுபடி உயரமாக மாறுகிறது. விழும்போது இருக்கையும் நம் உடம்பும் ஒரே கதியில் விழுவதால், எடை என்று நாம் உணர்கிற அழுத்தம் காணாமல் போகிறது. வயிற்றுக்குள் குடல் மிதப்பதுபோல் ஒரு கூச்சம். சின்ன வயசில் தோட்டத்துக் கிணற்று மேட்டிலிருந்து குதித்தவர்களுக்கு, கால் தண்ணீரைத் தொடுவதற்கு முந்தைய அந்தக் கணம் தெரிந்திருக்கும், அதுதான் இது. வளையத்தின் அடியில் வரும்போது இதற்கு நேர்மாறாக உடம்பின் எடை பல மடங்காகி இருக்கையோடு அழுத்துகிறது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறு சொல்ல, மூளை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினைப் பாய்ச்சுகிறது. கத்துவதா வேண்டாமா என்று யோசிக்க நேரமில்லை. குரல் தானே வந்துவிடுகிறது.

ஆனால் வண்டி விழாது. தண்டவாளக் குழாயை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் மூன்று வகைச் சக்கரங்கள் கவ்விக்கொண்டிருக்கின்றன. அடிச்சக்கரம் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் காப்புரிமை பெற்றது. அது வந்தபிறகுதான் செங்குத்தான இறக்கங்களைத் தைரியமாகக் கட்ட முடிந்தது. வளையத்தை முழு வட்டமாக அமைத்த பழைய நாட்களில் ஏறியவர்களுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. 1976இல் ஜெர்மனிப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல், மேலே சுருங்கிக் கீழே அகன்ற வளையத்தை வடிவமைத்த பிறகுதான் அப்படிச் சுற்றுவது உடம்பு தாங்குகிற காரியமானது.

இந்த வரலாற்றில் எங்கள் பக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் ஒருவர் உண்டு. லாமார்கஸ் தாம்சன். 1884இல் நியூயார்க் பக்கத்துக் கோனி தீவில் மக்கள் காசு கொடுத்து ஏறும் ரோலர் கோஸ்டரை நடத்தத் தொடங்கியவர். ஐந்து சென்ட் கட்டணம், மணிக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் வேகம். அதற்கு முன்னால் அவர் பார்த்த தொழில் பின்னலாடை. தையல் இல்லாத காலுறை பின்னும் இயந்திரம் கண்டுபிடித்து, இண்டியானா மாநிலத்தில் கம்பெனி நடத்திச் சம்பாதித்து, உடம்பு முடியாமல் போனதால் அதை விட்டுவிட்டு வந்தவர். பென்சில்வேனியாவில் 1827இல் நிலக்கரி இறக்கப் போட்ட மலைச்சரிவு ரயில், பிற்பாடு ஜனங்கள் ஏறி மகிழும் சவாரியாக மாறியிருந்தது. அதுதான் அவருக்கு வழிகாட்டி. குடியும் சூதும் இல்லாத ஒரு பொழுதுபோக்கை மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். திருப்பூருக்குப் பக்கத்தில் நூலும் துணியுமாக வாழ்கிற எங்களுக்கு இது அந்நியமான கதையாகவே தோன்றவில்லை. இயந்திரத்தோடு உழைக்கிறவர்களின் அலுப்பை அறிந்தவர் ஒருவர் இன்னோர் இயந்திரத்தால் அதைப் போக்கப் பார்த்தார்.

அந்த அலுப்பில் பாதி, மௌனத்தின் அலுப்பு. மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்டுக்குள் போய் நின்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு பிள்ளைகள் இயந்திரத்தின் சைடு பார்க்கிறார்கள். சூப்பர்வைசரைக் கூப்பிட ஒரு சைகை, சாப்பாட்டுக்கு ஒரு சைகை, மற்றதெல்லாம் உதட்டசைவு. எட்டு மணி நேரம் இப்படி. சென்னிமலைப் பக்கம் தறிக்கொட்டகையிலும் இதே கதைதான். சங்கு ஊதி வீட்டுக்குப் போனால் அங்கே வேறு வகை அடக்கம். பொட்டப்புள்ள சத்தம் வாசல் தாண்டக்கூடாது என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். பிரசவ வலியில்கூடக் கத்தாதே என்று அதட்டு வாங்கியவர்கள் எங்களில் நிறையப் பேர். இழவு வீட்டில் மாரடித்து அழலாம். அதற்கு ஒரு சாவு வேண்டும். மாரியம்மன் நோம்பியில் அருள் வந்து ஆடும்போது கத்தலாம். அந்தக் குரல் சாமியுடையது. கும்மியில் குரல் உயரலாம். அது பாட்டுக்குச் சொந்தம். கும்மி ஆடும் உரிமையும் லேசில் வந்ததில்லை. ஆண்கள் ஆடிய வள்ளிக்கும்மியைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டிப் பத்ரப்பன். அவருக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, எங்கள் பக்கம் கும்மிக்குப் போகிற பெண்கள் தங்களுக்கே கிடைத்ததுபோல் சந்தோஷப்பட்டார்கள்.

ரோலர் கோஸ்டரில் எழுகிற குரலுக்கு இப்படி ஒரு காரணமும் வேண்டியதில்லை. யாரும் சாகவில்லை, சாமி வரவில்லை, சண்டை இல்லை. கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, யாரும் அப்புறம் அதைக் கேட்பதுமில்லை. அக்கா கத்திய குரல் அக்காவுடையது. எதற்கும் விளக்கம் சொல்லியே பழகியவர்களுக்கு, விளக்கம் கேட்காத ஒரு கணம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். தடுப்பை இழுத்து அசைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பையன் அடுத்த இருக்கைக்குப் போனபோது, அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கேஸ் மூடியாச்சா, கதவு பூட்டியாச்சா, குழந்தை தூங்கியாச்சா என்று மற்றவர்களுக்காகச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறவர் அவர். அன்று அவருக்காக ஒருவர் சரிபார்த்தார். ஆபத்தில்லை என்று முன்பின் தெரியாத ஒருவர் உறுதி செய்து கொடுத்ததால்தான் அவரால் பயத்தை முழுசாக அனுபவிக்க முடிந்தது. பூங்கா திறப்பதற்கு முன் காலையில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்கிற, போல்ட்டையும் சக்கரத்தையும் தடவிப் பார்க்கிற ஆட்களின் உழைப்புதான் எங்கள் சந்தோஷத்துக்கு அடித்தளம். அவர்களை நாம் பார்ப்பதில்லை.

இதனால்தான் ஊர்த் திருவிழாக்களின் ராட்டினத் தூரிகள்மேல் எனக்கு அக்கறை கூடுதல். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை பார்த்துவிட்டு ராட்டினத்தில் ஏறுகிற ஜனங்களுக்கு, ரோலர் கோஸ்டர் கொடுப்பதில் ஒரு பங்கையாவது அது சில்லறைக் காசில் கொடுக்கிறது. ஊர் ஊராகக் கழற்றி மாட்டுகிற இயந்திரம் என்பதால் அதை இன்னும் கவனமாகப் பரிசோதிக்க வேண்டும். அனுமதி கொடுக்கிற அதிகாரிகள் ஒவ்வொரு மாட்டலுக்கும் நேரில் வந்து பார்த்தே கையெழுத்துப் போட வேண்டும். சந்தோஷம் மலிவாகக் கிடைக்கட்டும். பாதுகாப்பு மலிவாகிவிடக் கூடாது.

பெரிய பூங்காக்களுக்கு ஒரு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம். மில் பிள்ளைகளின் ஒருநாள் கூலியில் அது அடங்காது. மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டர் பூங்கா எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே தண்ணீர் விளையாட்டுகளே பிரதானம். 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் வொண்டர்லா வந்துவிட்டது. காலைத் தொங்கவிட்டபடி போகிற தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டர் அங்கே இருக்கிறது. பிள்ளைகள் இப்போதே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தனியாகப் போக அவர்களில் பலருக்குக் காசும் இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை. கம்பெனி டூர் என்றால் இரண்டும் கிடைத்துவிடுகிறது.

ஆகவே எங்கள் பக்கத்து மில்காரர்களுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் நான் சொல்வது இது: போனஸோடு இந்த ஒரு நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பிடிக்காமல் கூட்டிப்போங்கள். கோன் வைண்டிங் அக்காக்களையும், கூட்டிப் பெருக்குகிற ஆயாக்களையும் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். பெங்களூரிலும் கொச்சியிலும் வேலை பார்க்கிற மகன்களுக்கும் மகள்களுக்கும் சொல்வேன்: அம்மா ஊரிலிருந்து வரும்போது மாலுக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போவதோடு நிறுத்திவிடாதீர்கள். உடம்பு இடம் கொடுத்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ரோலர் கோஸ்டரில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்காரவையுங்கள். பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.