கொம்பு மின்னினால் போதுமா?

வேங்கிக்காலில் பழைய பாட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரைத் தேடி இப்போது பலரும் கைபேசியோடு வருகிறார்கள். "அண்ணே, இதை வாங்கலாமா, பார்த்துச் சொல்லுங்க" என்று இணையத்தில் விற்பனைக்கு வந்த படத்தை நீட்டுகிறார்கள். எண்கோணப் பெட்டி, கண்ணைப் பறிக்கும் பித்தளைக் கொம்பு, முகப்பில் நாய்ப்படம். கீழே, "1890-ஆம் வருட எச்.எம்.வி. போனோகிராப்" என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியிலேயே பாதித் தீர்ப்பு இருக்கிறது.

போனோகிராப் 1877-இல் எடிசன் உருவாக்கிய கருவி. அது உருளையில் பாடும். தட்டில் பாடும் கிராமபோனுக்கு எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை பெற்றார். நாய்ப்படத்தை முதலில் தீட்டியபோது ஓவியர் பிரான்சிஸ் பாரோ, நாயின் எதிரே உருளைக் கருவியைத்தான் வைத்திருந்தார். 1899-இல் கிராமபோன் கம்பெனி கேட்டுக்கொண்டபடி அதை மறைத்துத் தட்டுக் கருவியை வரைந்து கொடுத்தார். அதனால் இந்தப் படத்தோடு 1890-இல் ஒரு பெட்டி வெளிவந்திருக்கவே முடியாது.

பிறகு பழுதுபார்ப்பவர் கைபேசியில் உள்ள படத்தை விரலால் பெரிதாக்குகிறார். ஊசி பிடித்திருக்கும் சவுண்ட் பாக்ஸிலிருந்து கொம்புக்கு ஒலியைக் கொண்டுபோகும் கைக்குழாயில்தான் அவர் கண் நிற்கிறது. 1900-களின் நடுவிலிருந்து வந்த நல்ல கருவிகளில் இந்தக் குழாய் ஊசிப் பக்கம் மெலிந்தும் கொம்புப் பக்கம் விரிந்தும் இருக்கும். மின்சாரம் இல்லாமல் ஒலி பெருகுவது இந்தச் சீரான விரிவால்தான். போலியில் பெரும்பாலும் ஒரே பருமனுள்ள குழாயை முரட்டுத்தனமாக வளைத்து வைத்திருப்பார்கள்.

கொம்பை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்வதில்லை. அசலிலும் பித்தளைக் கொம்பு உண்டு. வண்ணம் பூசிய தகரமும் மரமும்கூட உண்டு. ஆனால் பழைய பித்தளையின் மடிப்பு இடுக்குகளில் கருமை தங்கியிருக்கும். இன்று வட இந்தியப் பட்டறைகளில் இதுபோன்ற பெட்டிகளைப் புதிதாகவே செய்கிறார்கள். அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. பழம்பொருள் என்று சொன்னால் மோசடி.

"பெட்டியைத் திறந்து மோட்டாரைக் காட்டி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்க" என்பது அவர் தவறாமல் சொல்லும் அடுத்த யோசனை. உள்ளே ஸ்டார் ஸ்க்ரூ தெரிந்தால் யோசிக்க வேண்டும். அது 1930-களில் பரவிய திருகு. ஆனால் அதுவே முடிவான சாட்சி ஆகாது, பின்னால் பழுதுபார்த்தவர் மாட்டியதாகவும் இருக்கலாம்.

அவரை வருத்துவது வேறொன்று. பல போலிகளுக்குள் ஓடும் மோட்டார் மட்டும் அசல். 1931-இல் வந்த எச்.எம்.வி. 102 போன்ற கைப்பெட்டிகளைப் பிரித்து எடுத்தது அது. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்த வகைப் பெட்டிகள் அவை. வெளியே தெரியும் கொம்பு இல்லாததால் சந்தையில் அவற்றுக்கு மதிப்புக் குறைவு. ஒரு பொய்யை உருவாக்க ஒரு மெய் உடைக்கப்படுகிறது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு கைப்பெட்டி கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தூசியைத் துணியால் துடைத்தால் போதும். வார்னிஷ் அடிக்க வேண்டாம். தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட்டுக் கேளுங்கள்.