எட்டு கிலோமீட்டர் வேகத்தில்

பிரான்சுக்குப் போய்வந்தேன் என்றால் ராஜபாளையத்தில் முதலில் கேட்கிற கேள்வி, “ஈஃபில் கோபுரம் பார்த்தீங்களா?” என்பதுதான். பார்க்கவில்லை. பாரிசில் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவே இல்லை. அங்கிருந்து துலூஸ், அண்ணன் வீடு, பிறகு ஐந்து நாள் ஒரு வாய்க்காலில் படகு. வாய்க்கால் என்றதும் சிரிக்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

2015-ஆம் வருஷம். எனக்கு 65, அண்ணனுக்கு 73. அண்ணி காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. “சித்தப்பா, நீங்களும் சித்தியும் ஒரு தடவை வந்துட்டுப் போங்க. அப்பா யாரோடயும் பேசறதே இல்ல” என்று அண்ணன் மகள் டிக்கெட்டே அனுப்பிவிட்டாள். படகு ஏற்பாடும் அவள்தான்.

வாய்க்காலின் பெயர் கனால் து மிதி. துலூசில் தொடங்கி மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர். 1666-இல் பதினான்காம் லூயி உத்தரவு போட்டு 1681-இல் திறந்தார்கள். வெட்டியவர் பியர் போல் ரிக்கே. இவர் பொறியாளர் அல்ல, உப்பு வரி வசூலிக்கும் குத்தகைக்காரர். வரி வசூலில் சம்பாதித்த பணத்தை வாய்க்காலில் கொட்டிக் கடனாளியானார். திறப்பதற்குச் சில மாதம் முன்பு 1680-இல் செத்தும் போனார். முப்பத்தைந்து வருஷம் புதுச்சேரி அரசாங்கத்தில் கணக்கு எழுதியவன் நான். இப்படி ஒரு வரிக்காரரைக் கேள்விப்பட்டதில்லை. அவருக்கு மேலே இருந்த மந்திரி கோல்பேர். 1664-இல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவரும் அவரே. அந்தக் கம்பெனி வராவிட்டால் புதுச்சேரியில் பிறந்த நான் பிரெஞ்சில் படித்திருக்க மாட்டேன். அண்ணனும் துலூசுக்குப் போயிருக்க மாட்டார்.

கஸ்தெல்நொதாரி என்ற ஊரில் படகு எடுத்தோம். லைசென்ஸ் வேண்டாம். அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்து, சாவியைக் கையில் தந்துவிட்டார்கள். உள்ளே இரண்டு படுக்கையறை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உண்டு. மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அரைமணி நேரம். இந்தப் படகில் போனால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கரையில் சைக்கிளில் போகிற கிழவிகள்கூட எங்களைத் தாண்டிப்போய்க் கையை ஆட்டினார்கள். கர்கசோன் வரை 40 கிலோமீட்டர், அதற்குத்தான் ஐந்து நாள்.

நேரம் ஆவதற்கு இன்னொரு காரணம் எக்லூஸ். படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு இறக்குகிற தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடுகிறார்கள். முன்கதவில் இருக்கும் சின்னப் பலகைகளைத் திறந்தால் தண்ணீர் வடிகிறது, படகும் கூடவே இறங்குகிறது. வெளி மட்டத்துக்குச் சமமானதும் கதவைத் திறந்துவிடுகிறார்கள். தொட்டியின் சுவர் நேராக இல்லாமல் முட்டை வடிவில் வளைந்திருக்கும். முதலில் நேராகக் கட்டிய சுவர் மண்ணின் அழுத்தம் தாங்காமல் இடிந்ததால் ரிக்கே இப்படி மாற்றினாராம்.

என் மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கண்மாய்ப் பாசனக் குடும்பம். நான் பணி ஓய்வு பெற்றதும் இந்தப் பக்கம் வந்து குடியேறியதும் அதனால்தான். முதல் எக்லூசைப் பார்த்ததும் அவள், “இதுல என்னங்க அதிசயம்? ரெண்டு பக்கமும் மடை வச்ச தொட்டி” என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். சிறிது நேரத்தில் திரும்பி வந்தாள்.

“ஏங்க, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணி கீழ போயிருதுல்ல? மேட்டுக்குத் தண்ணி எங்கேயிருந்து வருது?”

ரிக்கேயைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வி இதுதான். வாய்க்காலின் உச்சி நொரூஸ் என்ற மேடு. அதற்கு ஒரு பக்கம் விழும் மழை அட்லாண்டிக்குக்குப் போகும், மறுபக்கம் விழுவது மத்தியதரைக் கடலுக்கு. ரிக்கே கறுப்பு மலை என்ற மலைத்தொடரின் ஓடைகளைத் தடுத்து, சேன் ஃபெரேயோல் என்ற இடத்தில் அணை கட்டி, தனிக் கால்வாயில் அந்தத் தண்ணீரை மேட்டுக்குக் கொண்டுவந்தார். சொன்னேன். “நம்ம பென்னிகுயிக் மாதிரி” என்றாள். மேற்கே போன பெரியாற்றை மலையைக் குடைந்து 1895-இல் வைகைப் பக்கம் திருப்பியவரைச் சொல்கிறாள். பென்னிகுயிக்குக்கு 200 வருஷம் முந்தியவர் ரிக்கே என்றேன். “இருந்துட்டுப் போகட்டும், நம்ம பக்கம் ஒருத்தரும் வரலையே” என்றாள். பிளவக்கல் அணையில் தண்ணீர் இருக்கிறதா என்று பேப்பரில் தேடிப் படிக்கிறவர்களுக்கு அந்தக் குரல் தெரியும்.

கரையின் இரண்டு பக்கமும் பிளாத்தான் மரங்கள். மொத்தம் 42,000 நட்டிருந்தார்களாம். மேலே கிளைகள் கோத்துக்கொண்டு வெயிலே இறங்காது. ஆனால் சில இடங்களில் திடீரென்று மொட்டைக் கரை வந்தது. 2006-இல் ஒரு பூஞ்சைநோய் தெரியவந்து, பிடித்த மரங்களை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகள் கொண்டுவந்த மரப்பெட்டிகளோடு வந்த நோய் என்கிறார்கள்.

வாய்க்கால் படகு நமக்கும் புதிதில்லை. பக்கிங்காம் கால்வாய் ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர், இதைவிட நீளம். 1877-78 தாதுவருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் போட்டு அதில் ஒரு பகுதியை வெட்டினார்கள். சின்ன வயதில் மரக்காணத்தில் உப்புத் தோணிகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் பாரதிதாசன் அந்தக் கால்வாயில் மாமல்லபுரம் போனதை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடினார். இன்று சென்னையில் அதன் கரையில் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. இதற்கு மேல் சொன்னால் எரிச்சல்தான் வரும்.

அண்ணன் கதைக்கு வருகிறேன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா மில் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் சுட்டதில் 12 பேர் செத்தார்களே, அந்தக் கூட்டத்தில் நின்றவர். அவர் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு 12 வயது, அப்பா எதுவோ நானும் அதுதான். அண்ணனுக்கு 20. வீட்டில் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆகிக் கப்பல் ஏறிவிட்டார். சாகும்வரை அப்பா அவரோடு பேசவில்லை.

அண்ணன் பேசும் தமிழ் 1962-லேயே நின்றுவிட்டது. என் பிரெஞ்சும் பள்ளிக்கூடத்தோடு நின்றதுதான். என் பேச்சைக் கேட்ட எக்லூஸ்காரர் ஒருவர், தாத்தாவின் வாத்தியார் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று தொப்பியைக் கழற்றி வணங்கினார். அண்ணன் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு எக்லூசில் மாட்டிக்கொண்டோம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் மூடிவிடுவார்கள். படகைக் கரையில் கட்டிவிட்டு இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். உள்ளே மனைவி மிளகு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, அப்பா என் கடுதாசி ஒண்ணையாவது படிச்சாரா?”

ஐம்பத்து மூன்று வருஷமாகக் கேட்காத கேள்வி. “இல்லண்ணே, படிக்கல” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கடுதாசி வந்தால் அப்பாதான் தபால்காரரிடம் வாங்குவார். பிரிக்க மாட்டார். தபால்தலையும் முத்திரையும் இருக்கிற மூலையை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு, மீதியை என்னிடம் நீட்டுவார். “முத்திரை எந்த ஊருடா?” என்று ஒரே ஒரு கேள்வி. ஃப்ரெஜூஸ் என்பேன். ஜிபூத்தி என்பேன். அப்புறம் திண்ணைக்குப் போய்விடுவார். நான் அடுப்படியில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். படிக்கும்போது சத்தம் குறைந்தால், திண்ணையிலிருந்து இருமுவார். அப்பா போன பிறகு அவர் டிரங்குப் பெட்டியில், பழைய மில் சம்பள உறை ஒன்றில் அந்த மூலைகள் எல்லாம் இருந்தன.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எக்லூஸ்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார், கதவு திறந்தது. அவர் எழுந்து போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம்வரை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ராஜபாளையம் தபால் நிலையத்தில் அந்த உறையைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ராத்திரி போன் வந்தது. மேஜையில் எல்லாவற்றையும் வருஷ வாரியாகப் பரப்பி வைத்திருப்பதாகச் சொன்னார்.

“1968-ல ரெண்டு போட்டேன். இதுல ஒண்ணுதான் இருக்கு. இன்னொரு தடவை பெட்டியில தேடிப் பாரு, தம்பி.”