ஏரிக்கரையில் காத்திருக்கும் தமிழ்

பெங்களூர் அடுகோடிவாசிகளுக்கு ஏரி என்பது பெரும்பாலும் பழைய கதை. பக்கத்துக் கோரமங்கலாவில் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த குடியிருப்பு நிற்பது ஏரிப்படுகையின் மேல். சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமானது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமானது. மடிவாளா ஏரி தப்பிப் பிழைத்தது. பெல்லந்தூர் ஏரியோ நுரை பொங்கியும் தீப்பிடித்தும் செய்தியானது. குளிர்ந்த காற்று, கரையோரம் ஒரு வீடு, நான்கு நாள் நிம்மதி என்று ஆசைப்படும் குடும்பங்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் அலுத்தபின் கடல் தாண்டத் துணிகின்றன. கொழும்புக்கு விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து மலையேறினால் நுவரெலியா.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். 1894-ல் கட்டிய செங்கல் தபால் நிலையம், பழைய கிளப்புகள், ரோஜாத் தோட்டங்கள் என்று ஆங்கிலேயக் கிராமம் ஒன்றின் சாயல் இந்த ஊருக்கு. ஊரின் முகம் கிரிகோரி ஏரி. சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் நீரோடையைத் தடுத்து, ஆளுநர் வில்லியம் கிரிகோரி காலத்தில் 1873-ல் உருவாக்கப்பட்டது. பெங்களூர் ஏரிகளைத் தூர்த்து நிலமாக்கியது என்றால், இங்கே நிலம் ஏரியானது. இன்று படகுச் சவாரி, மட்டக் குதிரை, சுடச்சுடச் சோளம் என்று கரை எப்போதும் கலகலப்பு.

தங்குவதற்கு ஓட்டல்களைவிடக் குடும்பங்கள் விரும்புவது பங்களாக்களை. ஒரு காலத்தில் தோட்டத் துரைகள் வாழ்ந்த வீடுகள் பல, இப்போது முழு வீடாக வாடகைக்குக் கிடைக்கின்றன. உயர்ந்த கூரை, கணப்பு அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டம். மூன்று தலைமுறைகள் ஒன்றாகத் தங்க வசதி. பல வீடுகளில் சமையல்காரரும் உண்டு. அவருக்கு 'அப்பு' என்று பெயர். முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை மூன்று: வெந்நீர் நாள் முழுவதும் வருமா, கணப்புக்கு விறகு வாடகையில் சேர்ந்ததா, ஏரி உண்மையிலேயே வீட்டிலிருந்து தெரியுமா. 'ஏரிக்கு அருகில்' என்ற விளம்பரம் சில சமயம் மூன்று கிலோமீட்டரைக் குறிக்கும்.

ஆனால் தமிழ்க் குடும்பத்துக்கு இங்கே காத்திருக்கும் ஆச்சரியம் வேறு. வெளிநாட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலும் சந்தையிலும் தேயிலைச் சரிவிலும் காதில் விழுவது தமிழ். கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசுவது தமிழ். ஏரியைச் சுற்றிய மலைகளைப் பச்சையாக்கிய உழைப்பும் அவர்களுடையதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து மன்னார் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானவர்கள் ஏராளம். 1869-ல் பரவத் தொடங்கிய இலை நோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது, லயங்களில் வாழ்க்கை மட்டும் மாறவில்லை. சுதந்திர இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும் என்று பங்கு பிரித்தது. வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மலையகத்திலேயே நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு 2003-ல்தான் சட்டம் வழி பிறந்தது.

வாக்குரிமை வந்தது, வறுமை போகவில்லை. நாட்கூலியை 1,000 இலங்கை ரூபாயாக்கப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2021-ல்தான் அது கிடைத்தது. ஏரி தெரியும் பங்களாவில் ஓர் இரவுக்கான வாடகை, கொழுந்து பறிப்பவரின் பல நாள் கூலிக்குச் சமம். 2023-ல், முன்னோர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்தார்கள். அவர்கள் கேட்டது காணியும் வீடும். பங்களாவுக்குக் கீழே, ஒற்றை அறை லயங்களில் வாழ்பவர்கள் வேறு என்ன கேட்பார்கள்?

இதற்காக விடுமுறையைக் குற்ற உணர்வோடு கழிக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவை நிறைய: 1861-ல் தொடங்கிய ஹக்கல தாவரவியல் தோட்டம், போகும் வழியில் சீதா எலிய சீதையம்மன் கோயில், தேயிலைத் தொழிற்சாலைகள். ஏப்ரலில் புத்தாண்டு சீசன். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் உண்டு, கூட்டமும் வாடகையும் உச்சத்தில். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் கம்பளி இல்லாமல் முடியாது. அருகிலுள்ள ரயில் நிலையம் நானுஓயா. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மலையகத்தை நிலச்சரிவுகளால் சிதைத்தது. ரயில் பாதையும் தப்பவில்லை. கிளம்புமுன் ரயில், சாலை நிலவரத்தையும் விசா விதிகளையும் விசாரிப்பது நல்லது.

போகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்புவிடம் ஆங்கிலத்தில் டீ கேட்காமல், "அண்ணே, உங்க ஊரு எது?" என்று தமிழில் கேட்கலாம். அவர் தோட்டத்தின் பெயரைச் சொல்வார். கூடவே தாத்தா புறப்பட்ட திருச்சிப் பக்கத்துக் கிராமத்தின் பெயரையும் சொல்லக்கூடும். ஏரியின் படம் எல்லோரிடமும் இருக்கும். அந்தப் பதில் கேட்டவர்களிடம் மட்டுமே இருக்கும்.