புண்ணாக்கில் விட்டுவைப்பது

மரச்செக்கில் ஆட்டிய கடலைப் புண்ணாக்கைக் கையில் உதிர்த்து முகர்ந்தால் பச்சைக் கடலை வாசனை வர வேண்டும். வறுத்த மணம் அடித்தால் அந்த மூட்டையைப் புரதம் எடுக்க நான் வாங்குவதில்லை. எக்ஸ்பெல்லரில் பருப்பை வேகவைத்துப் பிழியும்போது சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டில் இறுகிய புரதம் பிறகு தண்ணீரில் சரியாகக் கரையாது. எங்கள் வேலையில் பாதி செக்கடியிலேயே முடிவாகிவிடுகிறது.

செக்குப் புண்ணாக்கிலும் சங்கடம் உண்டு. ஈரமும் எண்ணெயும் மிஞ்சியிருப்பதால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணம், தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு அப்படித்தான் உலகுக்குத் தெரியவந்தது. புரதத்தைப் பிரித்தால் நஞ்சு விலகிவிடும் என்று நினைக்கக் கூடாது. பெரும்பகுதி புரதத்தோடேயே வந்துவிடும். அதனால் சொத்தையும் சுருங்கலும் ஆட்டுவதற்கு முன்பே போயாக வேண்டும். களத்தில் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கும் பெண்களின் கூலியில் மிச்சம் பிடிப்பவரிடம் நான் சரக்கு எடுக்கமாட்டேன்.

செய்முறை எளிது. புண்ணாக்கை மாவாக்கிப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, சிறிது காரம் சேர்த்துக் கலக்கினால் புரதம் கரைந்துவிடும். நாரைப் பிரித்தபின் அமிலம் விட்டு பி.எச். அளவை 4.5க்குக் கொண்டுவந்தால், எலுமிச்சை பிழிந்த பாலாகத் திரிந்து புரதம் கீழே படியும்.

100 கிலோ புண்ணாக்கில் 40 கிலோவுக்கு மேல் புரதம் இருக்கிறது; அத்தனையையும் எடுத்தால் என்ன என்ற ஆசை எல்லாருக்கும் வரும். நாரில் ஒட்டிய மிச்சத்தைக் கறக்கக் காரத்தையும் சூட்டையும் ஏற்ற வேண்டும். அப்போது லைசின் என்ற அமினோ அமிலம் கெட்டு, உடலுக்கு உதவாத வேறு சேர்மமாகிறது. கடலையில் லைசின் ஏற்கெனவே குறைவு. ஆகவே பி.எச். 9க்கு மேல் நான் போவதில்லை; முதல் கலக்கில் தானாக வருவது போதும். மீதியை நாரோடு மாட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் தரம் குறைந்த புரதத்தையும் தங்கள் உடலாக மாற்றிக்கொள்ளும். மனிதக் குடலுக்கு அந்த வசதி இல்லை. புண்ணாக்கு ஒருநாளும் கழிவாகக் கிடந்ததில்லை. அது கறவை மாட்டின் தீனி. எடுப்பவர் அதற்குப் பங்கு வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். படிவை எடுத்தபின் நிற்கும் தெளிநீரில் சர்க்கரையும் படியாத புரதமும் உப்பும் இருக்கும். வாய்க்காலில் விட்டால் நாறும். ஒரு பகுதியை அடுத்த கலக்குக்கே திருப்பலாம், ஆனால் சுற்றச் சுற்ற உப்பு ஏறும். காரமாகச் சேர்க்கும் காஸ்டிக் சோடாவை விட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மாறினால் செலவு கூடும். சோடியம் மண்ணைக் கெடுப்பது நிற்கும், தெளிநீரை நீர்க்கச் செய்து சாம்பல் சத்தாக வயலுக்கும் பாய்ச்சலாம். அந்தச் செலவு நியாயமானது.

பிரிக்காமலே சாப்பிட முடியும் என்றால் அதுவே மேல். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950களில் உருவாக்கிய பல்நோக்கு உணவு, 75 பங்கு நிலக்கடலை மாவும் 25 பங்கு கொண்டைக்கடலை மாவும் சேர்ந்தது. நாரைப் பிரிக்கவே தேவையில்லை. அதே நிலையம் பின்னாளில் கொண்டுவந்த மில்டோன் பாலுக்கு மட்டும் பிரித்த புரதம் வேண்டியிருந்தது. பாலில் திப்பி நிற்கக் கூடாதே.

உலர்த்துவதற்குத்தான் எரிபொருள் அதிகம். அன்றன்றே சமைக்கும் கூடம் பக்கத்தில் இருந்தால், திரித்த படிவைக் கழுவிக் குளிரவைத்து ஈரமாகவே அனுப்பிவிடுகிறேன். பாத்திரத்தின் மேல் ‘நிலக்கடலை’ என்று பெரிதாக எழுதி. ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தை அந்தப் பந்தியில் இருக்கலாம்.