பழி சுமந்த செடி

பெயரினாற் கெட்டவர் மக்களுள் மட்டுமன்றிச் செடிகொடிகளுள்ளும் உளர். அவ்வரிசையில் முதலிடம் பெறத்தக்கது கஞ்சா. அச்சொல் காதில் விழுந்தவுடனே பொலிசாரும் கடற்கரையிற் கைப்பற்றப்பட்ட பொதிகளும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, அச்செடியினாலே கயிறும் துணியும் கடதாசியும் ஆயின என்பதோ, அதன் வித்தை அரைத்துச் சம்பல்போற் செய்து உண்ணும் மக்களும் உளர் என்பதோ எவருக்கும் தோன்றுவதில்லை. வாசகர் பலர் இதனைப் படித்ததும் நெற்றியைச் சுருக்குவர் என்பதை அறிவோம். எமது வீட்டிலும் அதுவே நடந்தது.

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து வந்திருந்த எமது உறவுப்பெண் ஒருத்தி, பெட்டியைத் திறந்து எமக்கு ஒரு சட்டையும், பெண்களுக்குச் சவர்க்காரக் கட்டிகள் சிலவும், கடைக்குக் கொண்டுசெல்லும் பை ஒன்றும் எடுத்து வைத்தாள். யாவற்றிலும் விரல் விரித்தாற்போன்ற ஓர் இலையின் படம் பொறிக்கப்பட்டிருந்தது. அதனைக் கண்ட பெரியம்மா, "என்ன பிள்ளை, இது கஞ்சா இலையல்லோ? இதைப் போய் வீட்டுக்குள்ளை கொண்டு வந்திருக்கிறாய்!" என்றார். "இது நாரும் எண்ணெயும் எடுக்கிற சாதி, பெரியம்மா. இதின்ரை பருப்பை அங்கை காலமைச் சாப்பாட்டிலை தூவிச் சாப்பிடுறவை. அதையும் கொண்டுவர நினைச்சனான்; பயத்திலை விட்டிட்டு வந்திட்டன்" என்று அவள் சொல்ல, இருந்தோர் சிரித்தனர். பெரியம்மா சிரிக்கவில்லை. அவர் வாழும் ஒழுங்கையிலே ஒரு தாய் அப்பழக்கத்தினால் மகனை இழந்ததை அவர் கண்ணாரக் கண்டவர்.

வித்தை விட்டுவிட்டு வந்தது நன்றே. நஞ்சுகள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் ஆகியவற்றுக்கென 1929 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம் இச்செடியை அனுமதியின்றி வளர்ப்பதையும் வைத்திருப்பதையும் இலங்கையிற் குற்றமாக்கியுள்ளது. வித்திலே போதை உண்டா இல்லையா என்று சுங்க அதிகாரியுடன் நின்று வாதிடுதல் புத்தியன்று. பெரியம்மாவின் அச்சத்தை நாம் ஏளனஞ் செய்யவும் மாட்டோம். ஆயினும், அவள் சொன்னதும் மெய்யே.

'ஹெம்ப்' என்று ஆங்கிலேயர் வழங்கும் நார்ச்செடியும் நாம் அஞ்சும் கஞ்சாவும் தாவரவியலின்படி ஒரே இனத்தவை. வேறுபாடு வகையிலும் வளர்ப்பிலுமே உள்ளது. போதையை நாடுவோர்க்கு வேண்டியது பெண்செடியின் பூங்கொத்தில் ஊறும் பிசின். ஆதலின் இடைவெளி விட்டு நட்டுக் கிளைக்க விடுவர். நாரை நாடுவோர் நெருக்கமாக விதைப்பர். அவ்வாறு விதைத்த செடி கிளை விடாது, ஆளுயரத்துக்கு மேலே கழிபோல நிமிர்ந்து வளர்ந்து, ஏறக்குறைய நூறு நாளில் அறுவடைக்கு வந்துவிடும். கனடா இதன் பயிர்ச்செய்கையை 1998 ஆம் ஆண்டில் அனுமதித்தது. அமெரிக்கா 2018 ஆம் ஆண்டில் அனுமதித்தது. போதை தரும் பொருள் நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படலாகாது என்பது இரு நாட்டிலும் வரம்பு. அதனைப் புகைப்பவனுக்கு இருமலே மிஞ்சும்.

தேங்காய் மட்டையை நீரிற் புதைத்து ஊறவைத்து, அடித்துத் தும்பெடுக்கும் தொழிலைக் கண்டறிந்த நமக்கு, ஹெம்ப் நாரெடுக்கும் முறை புதிதாகத் தோன்றாது. அறுத்த தண்டைக் குளத்திலேனும், வயலிலே பனி படவேனும் கிடத்துவர். பட்டைக்கும் உட்கட்டைக்கும் இடையிலுள்ள பசையை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தபின், உலர்த்தி, முறித்து, சீப்பிட்டு வாரினால் நீண்ட நார் பிரிந்து வரும். பாய்மரக் காலத்து ஐரோப்பாவின் கடலாட்சி இந்நாரிலேயே தொங்கிற்று என்றால் மிகையாகாது. இங்கிலாந்தின் கடற்படைக்கு வேண்டிய நாரிற் பெரும்பகுதி ருஷ்யாவிலிருந்து வந்தது. அதனைத் திரிப்பதற்கென்று சாத்தம் என்னும் துறைமுகத்திலே கட்டிய கயிற்றுச்சாலை ஏறக்குறையக் கால் மைல் நீளமுடையது. நீண்ட கயிற்றை ஒரே இழுவையில் திரிக்க நீண்ட கூடம் வேண்டுமன்றோ? அங்கு இன்றும் கயிறு திரிக்கின்றனர்.

அக்கயிறு பழுதான பின்னரும் எறியப்படவில்லை. தாரூறிய பழங்கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கிச் சிறைக்கைதிகளிடமும், ஏழையர் விடுதிகளில் ஒதுங்கிய முதியோரிடமும் கொடுத்தனர். அவர்கள் அதனை விரலாலே பிரித்துப் பிரித்துப் பஞ்சாக்க வேண்டும். அப்பஞ்சுதான் மரக்கலங்களின் பலகை இடுக்குகளில் அடைக்கப்பட்டு நீரைத் தடுத்தது. நகம் தேய்ந்து விரல் வெடித்த அவ்வேழைகளின் வேலை எந்தக் கடற்போர் வரலாற்றிலும் பெரிதாக எழுதப்படவில்லை.

பாய்த்துணியின் கதை இன்னும் சுவையானது. நமது பள்ளிப் பிள்ளைகள் அணியும் வெள்ளைக் 'கன்வஸ்' சப்பாத்தை அறியாதார் யார்? அந்தக் கன்வஸ் என்னும் சொல்லே 'கன்னபிஸ்' என்னும் இலத்தீன் பெயரின் வழிவந்தது. கன்னபிஸ் என்பது இச்செடியே. இன்றைய கன்வஸ் பெரும்பாலும் பருத்தியினாலாவது. பெயர் மட்டும் பழைய உறவை மறவாது நிற்கின்றது. எமக்குக் கிடைத்த சட்டையோ ஹெம்ப் நூலினாலேயே நெய்தது. முதல்நாள் அது சற்று முரடாகவே இருந்தது. பலமுறை தோய்த்தபின் இளகி, வெயிலுக்கு இதமாயிற்று. விலையை நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அணிய மனம் வந்திராது.

கடதாசிக்கும் இச்செடி மூதாதை எனலாம். சீனத்திலே சாய் லுன் என்பார் கி.பி. 105 இல் மரப்பட்டை, கந்தற்றுணி, பழைய மீன்வலை ஆகியவற்றுடன் ஹெம்ப் நாரையும் இடித்துத் தாள் செய்தமை வரலாற்றிற் கூறப்பட்டுள்ளது. மெல்லியதாயினும் எளிதிற் கிழியாத தாள் வேண்டுவோர் இன்றும் இந்நாரை நாடுகின்றனர். சிகரெட்டுச் சுற்றும் தாள் அவற்றுள் ஒன்று. யாழ்ப்பாணத்துச் சுருட்டு இவ்வகையில் மானமுள்ளது. தன்னைத் தன் இலையாலேயே போர்த்துக்கொள்கின்றது.

வித்தின் பயனைக் கேட்டே பெரியம்மா பெரிதும் வியந்தார். அதில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு எண்ணெயும் 25 பங்கு புரதமும் உண்டு. இமயமலைச் சாரலிலுள்ள குமாவூன் மக்கள் அதனை வறுத்து, மிளகாயும் உப்பும் எலுமிச்சம் புளியும் கூட்டி அரைத்துச் சோற்றுடன் உண்கின்றனர். யப்பானியர் நூடில்ஸின்மேல் தூவும் ஏழுவகைச் சரக்குத் தூளிலும் அது ஒரு சரக்கு. ஐரோப்பாவிலே கூட்டுப் பறவைகளுக்கு இடும் தீனியிலும் அது நெடுநாளாகக் கலந்து வந்துள்ளது. வித்தின் எண்ணெய் சவர்க்காரத்துக்கும் வர்ணப்பூச்சுக்கும் உதவும்; ஆயின் விரைவிற் சிக்கடிப்பது, பொரிப்பதற்கும் ஆகாதது. வீட்டிலே நல்லெண்ணெய் இருக்க இதனை வாங்கிச் சமைக்க விரும்புவோருக்கு நாம் பொறுப்பல்லோம்.

நாரெடுத்த பின் எஞ்சும் உட்கட்டையைச் சிறு துண்டுகளாக்கிச் சுண்ணாம்புடன் குழைத்துச் சுவர் அமைக்கும் முறை பிரான்சு முதலிய நாடுகளில் பரவியுள்ளது. அச்சுவர் கூரையின் பாரத்தைத் தாங்காது. அதற்கு மரச்சட்டம் வேண்டும். வெப்பத்தையும் குளிரையும் உள்ளே விடாமையே அதன் சிறப்பு. இதனைப் புதுமை என்று எண்ணிவிடலாகாது. எல்லோராக் குகைகளின் மண்பூச்சிலே இச்செடியின் பகுதிகள் கலந்திருப்பதை 2016 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. பூச்சி அரிக்காமலும் ஈரத்தால் உதிராமலும் அப்பூச்சு நூற்றாண்டுகள் பல நின்றமைக்கு அதுவும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர் கருத்து.

இத்துணை உழைத்த செடியாதலின், கயிற்று வணிகர் உலகெங்கும் தாம் கண்ட நல்ல நாருக்கெல்லாம் அதன் பெயரையே சூட்டினர். இன்று பழியாகிவிட்ட பெயர் ஒருகாலத்தில் நற்சான்றாக இருந்தது! பிலிப்பைன்ஸ் தீவுகளிலே வாழைக்கு உறவான ஒரு மரத்தின் நார் 'மணிலா ஹெம்ப்' ஆயிற்று. நமது கடைகளில் மணிலாக் கயிறு எனப்பட்டது அதுவே. அந்நார் நீரிற் கிடந்தாலும் வலிமை குன்றாது. ஆதலினாற்றான் கொதிநீரில் ஊறியும் கிழியாத தேயிலைப் பைகளின் தாளிலே அதனைச் சேர்க்கின்றனர். மலையகத்துப் பெண் வெயிலிலும் மழையிலும் நின்று கிள்ளிய கொழுந்து, பிலிப்பைன்ஸ் உழவன் உரித்த நாருக்குள்ளே புகுந்து, இவ்விருவரையும் அறியாத ஒருவரின் கோப்பையில் இறங்குகின்றது.

யாழ்ப்பாணத்து வயல்களில் மஞ்சட் பூவாய் மலர்ந்து, பின்னர் பசளைக்காக உழுது புதைக்கப்படும் சணல் ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்'. அது அவரைக் குடும்பத்தது. கஞ்சாவுக்கு எவ்வகையிலும் உறவன்று. அதன் தண்டும் நல்ல நார் தரவல்லது. நாமோ அதனைப் பெரும்பாலும் மண்ணுக்கே கொடுத்துவிடுகின்றோம். மண்ணும் அதற்குக் கைம்மாறு செய்வதால் அதில் எமக்குக் குறையில்லை.

குறை உள்ளது மருள் என்னும் செடியைப் பற்றியே. வாள்போன்ற இலையும் வரிக்கோடும் உடைய இதனை ஆங்கிலேயர் 'இலங்கை வில்நாண் ஹெம்ப்' என்று அழைத்தனர். தாவரவியற் பெயரிலும் இலங்கையின் பெயர் உண்டு. சிங்களத்தில் இது நியந்த. கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பகுதியின் நெசவாளர் மருள் நாரிலே பாய் நெய்ததை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட தம் நூலில் விரித்து எழுதியுள்ளார். பின்னாளில் கற்றாழையைப் போன்ற 'ஹண' என்னும் செடியின் நார் அவ்விடத்தைப் பிடித்தது. ஹண என்னும் சொல்லும் சணல் என்னும் சொல்லும் ஒரு வேரினவே. இலையைப் பலகைமேல் வைத்துக் கூரிய வைரமரத்துண்டால் வழித்தெடுக்க, உள்ளிருக்கும் வெண்ணார் வெளிப்படும். மரமஞ்சளாலும் பதங்கக் கட்டையாலும் அதற்கு மஞ்சளும் சிவப்பும் ஏற்றித் தறியிலே யானையும் மானும் தாமரையும் தோன்ற நெய்கின்றனர்.

2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கைத்தொழிலை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இதனைச் செய்யும் குடும்பங்களோ சிலவே. முன்னர் நிலத்திலே விரித்த பாய், இன்று சுவரிலே தொங்கும் அலங்காரமாகச் சுருங்கிவிட்டது. கொழும்பு வீடுகளின் விறாந்தையிலே மருளின் இனத்தைச் சேர்ந்த செடிகள் சாடிகளில் அழகுக்காக நிற்கின்றன. நாள்தோறும் அவற்றுக்கு நீரூற்றுவோருள் எத்தனை பேர் முற்றிய இலை ஒன்றைக் கீறி, உள்ளிருக்கும் நாரை இழுத்துப் பார்த்திருப்பர்? சிறுவரிடம் ஓர் இலையைக் கொடுத்தாற் போதும். மழுங்கிய கத்தியால் அரை மணி நேரம் வழித்து, ஒரு பட்டத்தின் முச்சைக்குப் போதுமான நூலைத் திரித்துவிடுவர்.